பூசை இல்லாத நாளில் தோமையாரைத் தேடி

பெரிய வெள்ளிக்கிழமை அன்று உலகத்தில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் பூசை, அதாவது திருப்பலி, கிடையாது. முந்தின நாள் மாலைப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது மணி அடிப்பார்கள். அத்தோடு சரி, அடுத்த மணிச் சத்தம் சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசையில்தான் கேட்கும். அதுவரைக்கும் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். பீடத்தில் விரிப்பு இருக்காது, பூ இருக்காது. நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் கதவு திறந்தே கிடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சென்னைக்கு வருகிற நண்பர்கள் சிலர் தோமையார் பேரோடு சேர்ந்த சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றையும் பார்க்க எந்த நாள் நல்லது என்று கேட்பதுண்டு. பெரும்பாலானவர்கள் சொல்லும் நாள் ஜூலை 3, தோமையார் திருநாள். மலைமேல் இருக்கும் மாதாவுக்கு டிசம்பர் 18 திருநாள், அதையும் சொல்வார்கள். இரண்டுமே நல்ல நாள்தான். கொடி, தேர், பேண்டு வாத்தியம், சீரியல் விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் பெரிய வெள்ளிக்கிழமைதான். திருநாளில் கோயில் நமக்கு எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். பெரிய வெள்ளியில் அதனிடம் காட்ட ஒன்றுமில்லை. வந்திருக்கிற சனங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்த மூன்று இடங்களைப் பொறுத்தவரை உண்மையிலேயே பார்க்க வேண்டியதும் அவர்களைத்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காகக் கதை. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமா, அதாவது தோமையார், கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கினார், பிறகு சோழமண்டலக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார், சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலை உச்சியில் செபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டு 72-இல் இறந்தார், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். இது மரபு. முதல் நூற்றாண்டுக் கல்வெட்டோ ஓலையோ எதுவும் இதற்குச் சாட்சியாக இல்லை. கிடைக்கிற பழைய எழுத்து, ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ‘தோமா பணி’ என்ற கதை. அதில் வரும் குந்தபோர் என்ற இந்திய அரசனை வெறும் கற்பனை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் அவன் பேர் பொறித்த காசுகள் கிடைத்தன. அரசன் இருந்தது உறுதியாயிற்று. ஆனால் அவன் ஆண்டது சிந்து நதிப் பக்கம், அடையாற்றுப் பக்கம் அல்ல. ஆக, மயிலாப்பூர்க் கதை அங்கேயே நிற்கிறது, இன்னும் முடிவு தெரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து என் அத்தை பெரிய வாரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபது தாண்டியவர். பெரிய வெள்ளி ஒருசந்தி என்னும் நோன்பு, 18 வயது நிறைந்தவர்களில் தொடங்கி 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். அத்தைக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. சொல்லிப் பார்த்தேன். “சட்டம் உங்களுக்குய்யா, எனக்குப் பழக்கம்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

பெரிய வியாழன் இரவில் ஏழு கோயில் சுற்றும் வழக்கம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் பிலிப்பு நேரி என்ற சாமியார் இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு ஏழு பெரிய கோயில்களுக்கு நடந்து போனார். அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் காட்டிலும் வயலிலும் நடந்தார்கள். நாம் போவது ஸ்கூட்டரில், பார்க்கிங் தேடித் தேடி. ஏழு என்பது எங்களுக்குப் பேராசையாகப் பட்டது. லஸ்ஸில் இருக்கும் பிரகாச மாதா கோயிலும் சாந்தோமும் போதும் என்று முடிவு செய்தோம்.

பிரகாச மாதா கோயில் 1516-இல் போர்த்துகீசியர் கட்டியது, சென்னையில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் ஒன்று. புயலில் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம், அதைப் பின்தொடர்ந்து வந்து வெளிச்சம் மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம். அந்தக் காலத்தில் சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருந்ததால் காட்டுக் கோயில் என்று பேர். இப்போது சந்துக்குள் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கிறது. அத்தைக்கு மூன்று இடங்களையும்விட இதுதான் பிடித்தது. “நம்ம ஊர்க் கோயில் மாதிரி கையடக்கமா இருக்கு” என்றார்.

சாந்தோம் கையடக்கமானது அல்ல. இப்போது நிற்கும் வெள்ளைக் கோயில் ஆங்கிலேயர் காலத்தில் 1893-இல் தொடங்கி 1896-இல் முடித்தது. கோபுரம் 155 அடி. அதற்கு முன்னால் அதே இடத்தில் 1523 முதல் போர்த்துகீசியர் கட்டிய கோயில் இருந்தது. 1956-இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது, 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து கல்லறையருகே செபித்தார். வியாழன் இரவு நற்கருணையைப் பக்கத்துப் பீடத்துக்குக் கொண்டுபோய் அலங்காரம் செய்து வைத்திருப்பார்கள். நள்ளிரவு வரை மக்கள் முறைபோட்டு விழித்திருப்பார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் தூங்கிவிடுகின்றன, யாரோ ஒருவர் மெதுவாக ஜெபமாலையைத் தொடங்க மூலையிலிருந்து பதில் வருகிறது. மைக் இல்லை. சென்னையில் மைக் இல்லாமல் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியிருப்பது அபூர்வம், அதற்காகவே போகலாம்.

கல்லறை கோயிலுக்கு அடியில் இருக்கிறது. பெரிய கோயிலில் நடப்பவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளியே இருந்து தனி வழியாகப் படியிறங்கிப் போகலாம். கீழே சிறிய சிற்றாலயம், கண்ணாடிக்குப் பின்னால் படுத்த நிலையில் தோமையார் சுரூபம், ஒரு சிறு எலும்புத் துண்டு, அவரைக் குத்திய ஈட்டியின் முனை என்று வணங்கப்படும் ஓர் இரும்பு.

அப்போஸ்தலர் கல்லறையின் மேல் கட்டப்பட்ட கோயில் உலகத்திலேயே மூன்றுதான், ரோமில் பேதுரு, ஸ்பெயினில் யாகப்பர், இங்கே தோமையார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு இந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இத்தாலியின் சலேர்னோவில் மத்தேயுவும் அமால்பியில் அந்திரேயாவும் இருப்பதாக அந்தந்த ஊர்ப் பேராலயங்கள் சொல்கின்றன. அவை பிறகு கொண்டுவந்து வைத்த எலும்புகள், கணக்கில் வராது என்று வாதிடலாம். ஆனால் அப்படி வாதிட்டால் நமக்கும் சிக்கல்தான். தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி மயிலாப்பூரில் இல்லை.

அவை எடெசாவுக்குப் போய்விட்டன. இன்றைய துருக்கியில் உர்ஃபா என்று சொல்லும் ஊர். நான்காம் நூற்றாண்டில் எப்ரேம் என்ற சிரியக் கவிஞர், இந்தியாவிலிருந்து ஒரு வணிகன் கொண்டுவந்த எலும்புகள் என்று இவற்றைப் பற்றிப் பாட்டே எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து எகேரியா என்ற பெண்மணி புனித நாடுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தமது பயணத்தை ஊரில் இருந்த சகோதரிகளுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தில் எடெசாவில் தோமாவின் கல்லறைக்குப் போனதைச் சொல்கிறார். எடெசாவிலிருந்து எலும்புகள் கிரேக்கத் தீவான கியோசுக்குப் போயின. 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா ஊர் மாலுமிகள் அங்கிருந்து எடுத்துப் போனார்கள். இப்போதும் ஓர்த்தோனாவில்தான் இருக்கின்றன.

இதைப் படித்தபோது ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. எலும்பு போன பிறகும் மயிலாப்பூருக்கு ஏன் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்? மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியதைப் பாருங்கள். ஊர் சிறியது, மக்கள் குறைவு, வணிகர்கள் வருவதில்லை, ஏனென்றால் வாங்க விற்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் கிறிஸ்தவர்களும் சரசேனியர்களும், அதாவது முஸ்லிம்களும், தோமா இறந்த இடத்துக்கு யாத்திரை வருகிறார்கள். அங்கிருக்கும் செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். எலும்பு வெளிநாடு போய் ஆயிரம் வருடம் ஆகப்போகும்போது எழுதியது இது. ஊரில் வியாபாரம் இல்லை, எலும்பும் இல்லை, சனம் மட்டும் வருகிறது. வந்தவர்களுக்கு மண்ணே போதுமாக இருந்திருக்கிறது.

வியாழன் நள்ளிரவு வெற்றுப் பேழையையும் கீழே கிட்டத்தட்ட வெறுமையான கல்லறையையும் பார்த்துவிட்டு வந்தபோது இதில் குறைப்பட ஒன்றுமில்லை என்றே பட்டது. கிறிஸ்தவர்களின் முதல் புண்ணியத்தலமான இயேசுவின் எருசலேம் கல்லறையே காலியாக இருப்பதால்தான் புண்ணியத்தலம்.

வெள்ளிக்கிழமை காலை சின்னமலை. மெட்ரோவில் போவது நல்லது, ஸ்டேஷனுக்கே சின்னமலை என்று பேர். சித்திரை வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். நாங்கள் போனபோது ஏழு மணிகூட ஆகவில்லை, ஆனால் குகைக்கு ஏற்கெனவே வரிசை. பாறைக்குள் ஒரு தாழ்வான குகை. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே கல்லில் குடைந்த சிலுவை, ஒரு பீடம், ஒரு பக்கம் வெளிச்சம் வரும் துவாரம். துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமையார் அந்தத் துவாரம் வழியாகத்தான் தப்பினாராம். அப்போது பாறையில் ஊன்றிய கைத்தடம் இது என்று காட்டுகிறார்கள். நான் நன்றாகப் பார்த்தேன். கை மாதிரியும் இருக்கிறது, பாறையில் தானாக விழுந்த பள்ளம் மாதிரியும் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் இல்லை. தன் கையை அதில் பொருத்தி வைத்துவிட்டு, அதே கையைக் குழந்தையின் தலையில் வைத்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. இந்த மூன்று இடங்களிலும் வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மார்க்கோ போலோ காலத்திலேயே அப்படி இல்லை.

மேலே 1551-இல் கட்டிய ஆரோக்கிய மாதா கோயில். பக்கத்திலேயே 1970-களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய வட்டக் கோயில். வட்டக் கோயிலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, ஆனால் கூட்டம் கொள்ளும். பின்னால் பாறையில் ஓர் ஊற்று. மக்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது தோமையார் பாறையைத் தட்டி வரவழைத்தது என்பார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். செம்மண் போய் இப்போது ஊற்றுத் தண்ணீர், அவ்வளவுதான்.

சின்னமலையிலிருந்து பரங்கிமலைக்கு மெட்ரோவில் போக ஆலந்தூரில் மாற வேண்டும். ஆனால் நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், கறுப்புச் சேலையிலும் வெள்ளைச் சட்டையிலும், செருப்பில்லாமல். அந்தக் காலத்தில் இந்தப் பாதையில் பெரிய தொல்லை அடையாறு. மயிலாப்பூரிலோ கோட்டையிலோ இருந்து மலைக்குப் போக ஆற்றைக் கடந்தாக வேண்டும், மழைக்காலத்தில் முடியாது. 1726-இல் சென்னையில் இருந்த ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலை ஏறப் படிகளும் அவர் போட்டவைதான். பாலத்தைப் பராமரிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கினார். மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர்கள் சொன்ன அது 1960-களில் இடிக்கப்பட்டு, இன்று நாம் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் மறைமலையடிகள் பாலம் வந்தது. அண்ணா சாலையில் தினமும் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு யாத்திரைப் பாதையில்தான் போகிறார்கள்.

இந்தக் கதையில் வருகிறவர்களில் உஸ்கானைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலும்பு தேடவில்லை, கோயிலுக்குத் தன் பேர் வைக்கவில்லை. நடந்து வருகிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று பார்த்தார். ஆறு, அப்புறம் ஏற்றம். இரண்டையும் தீர்த்துவைத்தார்.

பரங்கிமலை முந்நூறு அடி உயரம்தான். பின்பக்கமாகக் கார் போக ரோடு இருக்கிறது. அத்தைக்கு ஆட்டோ பேசலாம் என்று பார்த்தேன்.

“மேல வரைக்கும் ஆட்டோ போகும் அத்தை.”

“போகட்டும். நான் படியில வாரேன்.”

நூற்றுச் சொச்சம் படிகள். வழி நெடுக, இயேசு சிலுவை சுமந்து போனதை நினைக்கும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு குழு நிற்கிறது, முழந்தாளிடுகிறது, பாடுகிறது, அடுத்த குழு பின்னால் காத்திருக்கிறது. ஒரு பங்குக் கோயிலிலிருந்து வந்த இளைஞர்கள் மரச் சிலுவையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஒரு நடுவயதுக்காரர் ஒவ்வொரு படியாக முழங்காலிலேயே ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மகன் தண்ணீர் பாட்டிலோடு, எரிச்சலை மறைக்காத முகத்தோடு வந்தான். வேண்டுதல் யாருக்கானது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அத்தை ஆறாம் நிலையில் உட்கார்ந்தார். வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைத்த இடம். முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, “சரியான இடத்துலதான் உக்காந்திருக்கேன்” என்றார்.

மேலே இருக்கும் கோயில் சின்னது. பீடத்துக்குப் பின்னால் சுவரில்தான் அந்தப் புகழ்பெற்ற கற்சிலுவை. 1547-இல் போர்த்துகீசியர் கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் அதில் இரத்தம் வியர்த்ததாகவும், பிறகு பல தடவை அப்படி நடந்து 1704-இல் கடைசியாக நடந்ததாகவும் குறிப்புகள் உண்டு. மற்ற நாட்களில் பூவும் மெழுகுவர்த்தியும் பாதியை மறைத்திருக்கும். பெரிய வெள்ளியன்று பீடம் வெறுமையாக இருந்ததால் முழுச் சிலுவையும் தெரிந்தது. மேலிருந்து இறங்கும் புறா, கீழே விரியும் இதழ்கள், வளைவைச் சுற்றி எழுத்து. 16-ஆம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பண்டிதர் ஒருவர் இந்த எழுத்தைப் படித்து, தோமையார் கதை முழுவதும் இதில் இருக்கிறது என்று சொன்னாராம். கேட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1870-களில்தான் பர்னெல் என்ற ஆங்கில அதிகாரி இது பகலவி எழுத்து, அதாவது இடைக்காலப் பாரசீகம் என்று கண்டார். ஒரு சின்ன வேண்டுதல் வாசகம். அதையும் அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். எழுத்தின் அமைப்பை வைத்து ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் இருக்கலாம் என்பார்கள்.

அப்படியென்றால் தோமையார் கையால் செதுக்கியது அல்ல. ஆனால் போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே பாரசீகம் பேசிய கிறிஸ்தவர்கள் கடல் கடந்து வந்து இந்த மலை மேல் நின்று செபித்திருக்கிறார்கள் என்பதற்குக் கல்லில் சாட்சி. எனக்கு இரத்தம் வியர்த்த கதையைவிட இது பெரிய விஷயம். அத்தைக்கு இல்லை. இரண்டையும் சொன்னேன், முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெளியே சுற்றுச்சுவர் பக்கம் நின்றால் விமானங்கள் இறங்குவது தெரியும். பாதிக் கூட்டம் அங்கேதான் நின்றது, செல்ஃபி எடுத்துக்கொண்டு. பெரிய வெள்ளியும் அதுவுமாக என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். எனக்கு அவ்வளவு தப்பாகப் படவில்லை. ஏறி வந்தவர்களுக்குக் காற்று வேண்டும், காட்சியும் வேண்டும். 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இந்த மலையை ஒட்டிய சமவெளியில்தான். அவர் போட்ட முதல் அளவுக் கோட்டிலிருந்துதான் இமயமலை வரைக்கும் நிலத்தை அளக்கும் முக்கோணங்கள் நீண்டன.

போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. பத்து மணிக்கு மேல் படி ஏறாதீர்கள், கருங்கல் சுடும். செருப்பைக் கழற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தால் கழற்றுங்கள், வீம்புக்குக் கழற்றாதீர்கள். அடிவாரத்தில் வெள்ளரிக்காய், நீர்மோர் கிடைக்கும். ஒருசந்தி இருப்பவர்களுக்கு நீர்மோர் ஆகுமா ஆகாதா என்று ஒரு பட்டிமன்றமே அங்கே நடந்துகொண்டிருந்தது. மாலை மூன்று மணி வழிபாட்டை மலையில் பார்க்க நினைத்தால் நிற்கக்கூட இடம் இருக்காது, சொந்தப் பங்குக்குத் திரும்பிவிடுவது உத்தமம். நாங்கள் திரும்பிவிட்டோம்.

மூன்று மணிக்குப் பாடுகளின் வாசகம், பொது மன்றாட்டு, அப்புறம் சிலுவை முத்தி. ஒவ்வொருவராகப் போய்ச் சிலுவையை முத்தம் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடச்சிறுவர்கள் இருவர் வெள்ளைத் துணியோடு நின்று ஒவ்வொரு முத்தத்துக்கும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. காத்திருக்கும்போது அத்தைக்கு எகேரியாவைப் பற்றி மிச்சத்தையும் சொன்னேன். அவர் எருசலேமில் பெரிய வாரம் முழுவதும் தங்கி, நடந்ததையெல்லாம் எழுதியிருக்கிறார். பெரிய வெள்ளியன்று இயேசுவின் மெய்யான சிலுவை என்று நம்பிய மரத்துண்டை மேசையில் வைத்து, ஆயர் இரண்டு முனையையும் கையால் பிடித்திருப்பாராம். சுற்றித் தியாக்கோன்கள், அதாவது திருத்தொண்டர்கள், காவல். மக்கள் நெற்றியாலும் கண்ணாலும் தொட்டு முத்தமிடலாம், கையால் தொடக் கூடாது. ஏனென்றால் யாரோ ஒருவன் முத்தமிடுகிற மாதிரி குனிந்து, மரத்தைப் பல்லால் கடித்துத் திருடிக்கொண்டு போய்விட்டானாம்.

அத்தை ஒருசந்திக் களைப்பையும் மறந்து திரும்பினார்.

“கடிச்சா? எந்த ஊர்க்காரன்?”

அதை எகேரியா எழுதவில்லை என்றேன்.

“பெறவு என்ன எழுதினா அவ” என்று சொல்லிவிட்டு வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார்.